தீவில் தனியாளுக்கு ஒரு மேற்கட்டில்

இராமேசுவரத்தில் பன்னிரண்டு நாள் தங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் ஒருவரும் அதைச் செவியில் வாங்கவில்லை. கோவிலுக்குப் போகிறேன் என்பது மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டது. எங்கள் தெரு பஜனைக் கோஷ்டியோடு ஏதோ ஒரு மடத்தில் தங்குவேன் என்று மகன் தானாகவே எண்ணிக்கொண்டான். அந்த எண்ணத்தை நான் திருத்தவில்லை. அது பொய்க்குச் சமம் என்று எவரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன். திருத்தியிருந்தால் திருச்சுழி பஸ் நிலையத்தைக்கூட நான் தாண்டியிருக்க மாட்டேன் என்பதையும் அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு வயது எழுபத்தொன்று. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தியும் கம்பும் போடுகிற மானாவாரி நிலம் எங்களுக்கு. அந்தத் தீவுக்கு இதற்கு முன் ஐந்து முறை போயிருக்கிறேன். ஐந்து முறையும் வீட்டில் யாரோ ஒருவர் இறந்ததன் பொருட்டு. ஆண்கள் கடலில் இறங்கிச் சடங்கு செய்வார்கள். நான் கரையில் மாற்றுத்துணிப் பைகளையும் பத்து ஜோடிச் செருப்புகளையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, பொழுது சாய்வதற்குள் வேன் ஏறிவிடுவோம். அந்த நெடிய பிராகாரத்தில் நின்று ஒரு பதிகத்தை முதலிலிருந்து கடைசிவரை பாடி முடிக்க எனக்கு ஒருமுறையும் வாய்த்ததில்லை. மூன்றாம் பாட்டு வருவதற்குள் வேன் நிற்கிறது என்று யாராவது கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள்.

பதிகங்களை நான் எவரிடமும் முறையாகப் பயின்றவள் அல்லள். சிறுமியாக இருந்தபோது எங்கள் கோவிலில் ஓதுவார் பாடுகையில் தூணோரம் நின்று கேட்டவை, இறங்காமல் உள்ளேயே தங்கிவிட்டன. பருத்தி எடுக்கும்போது பாடினேன். கிணறு வற்றிய கோடைகளில் குடத்தோடு நடக்கும்போது பாடினேன். மூன்று பிரசவங்களிலும் பற்களைக் கடித்துக்கொண்டு பாடினேன். பன்னிரண்டு பண்களைத் தேர்ந்து, காலைக்கு ஒரு பண்ணில் ஒரு பதிகமாக, அந்தப் பிராகாரத்தில் யாரும் இழுக்காமல் பாடி முடிக்க வேண்டும் என்று சென்ற ஆண்டு நேர்ந்துகொண்டேன். இறந்தவர் எவர் பொருட்டும் இல்லை; பிழைத்தவர் எவர் பொருட்டும் இல்லை. ஆண்டவனுக்கும் எனக்கும் இடையே நெடுநாளாக முடியாமல் கிடந்த ஒரு காரியம் அது. அதற்குப் பன்னிரண்டு காலைகள் அந்தத் தீவில் எனக்கு வேண்டியிருந்தன.

நரிக்குடி, பார்த்திபனூர் என்று பஸ் மாறி மாறிப் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தேன். நான்கு விடுதிகளில் ஏறி இறங்கினேன். முதல் மூன்றிலும் ஒரே பதில்: தனியாளுக்கு அறை கிடையாது. நான்காவதில் இருந்தவர் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னார். குடும்பத்தோடு வந்தால் தருவார்களாம். கணவன் மனைவியாக வந்தால் தருவார்களாம். வயதான ஒருவர் பையோடு தனியாக வந்து நின்றால் அது வேறு விஷயமாம். ஒரு மடத்தில் எங்கள் சமூகத்துப் பெரியவர் யாரிடமாவது கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். எங்கள் சமூகத்துப் பெரியவள் நான்தான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கடைசியில் நான் தங்கிய விடுதியைப் பற்றிச் சொன்னவர் ஓர் ஆட்டோக்காரர். கட்டிலுக்குக் கட்டில் தனித்தனியாக வாடகைக்கு விடுகிற இடம் ஒன்று இருக்கிறது, முதுகில் மூட்டை சுமந்து வருகிற இளவட்டங்கள் தங்குவது, உங்களுக்குச் சரிவராது என்றார். சரிவருமா வராதா என்பதைப் பிறகு பார்க்கலாம், வண்டியை அங்கே விடுங்கள் என்றேன்.

தனுஷ்கோடி போகிற சாலையோரம், நீலம் பூசிய இரண்டு மாடிக் கட்டடம். சுவரில் திமிங்கிலமும் நங்கூரமும் வரைந்திருந்தார்கள். வாசலில் ஒரு பலகை: தனியாகப் பயணம் செய்வோரை வரவேற்கிறோம். மேலாளருக்கு நாற்பது வயதிருக்கும். அந்தத் தீவிலேயே பிறந்தவர். என்னைப் பார்த்ததும் என் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை என்றதும் முகம் சுருங்கிற்று. இங்கே எல்லாம் சின்ன வயதுப் பிள்ளைகள், கீழ்க்கட்டில்கள் நிரம்பிவிட்டன, மேற்கட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றார்.

நான் வாசலுக்குத் திரும்பி நடந்து, பலகையில் எழுதியிருந்ததை அவருக்குக் கேட்கும்படி வாசித்தேன். அதன்பிறகு அவர் படிவத்தை எடுத்து நீட்டினார்.

படிவத்தில் பாதுகாவலர் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. எங்கள் ஊர்ச் சுவாமியின் பெயரை எழுதினேன். இவர் யார், மகனா என்று கேட்டார். சுவாமி என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "போன் நம்பர் வேணுமேம்மா" என்றார்.

"கூப்பிட்டா வருவாரு. நம்பர் கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. பெயரை அடிக்கவும் இல்லை. ஆதார் அட்டையைப் படமெடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் வில்லை கோத்த ஒரு சாவியைத் தந்தார்.

பெண்களுக்கான அறையில் ஆறு கட்டில்கள்; மேலே மூன்று, கீழே மூன்று. ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை, தலைமாட்டில் சிறு விளக்கு, போனுக்கு மின்சாரம் ஏற்ற ஒரு துளை. என் கட்டிலுக்கு இரும்பு ஏணி. என் கீழ்க்கட்டிலில் இருந்தவள் கோயம்புத்தூர்க்காரி, முப்பது வயதிருக்கும். காற்றில் பறக்கும் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலின்மேல் பலகையில் சறுக்குகிற வித்தையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தாள். இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் எழுந்தாள். அவளுடைய இரு தோள்களிலும் வலிக்களிம்பு மணத்தது. படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஏறினேன். பருத்திப் பொதி ஏற்றிய லாரியின் உச்சியில் ஏறி நின்று மிதித்து அமுக்கியவள் நான். ஐந்து படி ஏணி என்னை என்ன செய்துவிடும்? முழங்கால் வலித்தது. திரையை இழுத்து மூடிய பிறகுதான் அதைத் தடவிக்கொண்டேன்.

முதல் காலை நட்டபாடைப் பண். கடலில் முங்கி எழுந்து, துணி மாற்றி, பிராகாரத்தின் கீழ்ப்புறத்தில் ஒரு தூணருகே நின்றேன். கூட்டம் இன்னும் வரவில்லை. பதினொரு பாட்டையும் பாடி முடித்தபோது என் கையை யாரும் பிடிக்கவில்லை என்பதே எனக்கு விநோதமாக இருந்தது. சிறிது நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பெருக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி யாருக்கம்மா திதி என்று விசாரித்தாள். யாருக்கும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

இப்படியே ஐந்து காலைகள் கழிந்தன. என் மேல் பிராது கிளம்பியது ஆறாம் நாள். குற்றம் என்னுடையதுதான்.

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் எந்த நாள் வரும் என்று எவருக்கும் தெரியாது. வருவதற்கு முன் குழாய்க்குள் காற்று சீறும். அந்தச் சீறல் கேட்டால் சமைக்கிறவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். சாமி கும்பிடுகிறவள் சூடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். குடம், அண்டா, வாளி, சொம்பு, கடைசியில் டம்ளர் என்று வாயுள்ள எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுத்தான் மூச்சு விடுவோம். அந்த விடுதியில் அதிகாலையில் மோட்டார் ஓடும். நான் குளிக்கப் போகும் நேரமும் அதுவே. குழாயைத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு வரும். அதன்பின் நான் செய்ததை நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. குளியலறையில் இருந்த நான்கு வாளிகளையும் நிரப்பினேன். மக்குகளை நிரப்பினேன். துணி ஊறவைக்கும் தொட்டியை நிரப்பினேன். குடித்துவிட்டுப் போட்டிருந்த பாட்டில்களைக் கழுவி நிரப்பி வரிசையாக வைத்தேன். சமையல்கட்டிலிருந்து தட்டுகளை எடுத்து வந்து வாளிகளை மூடினேன். பிறகு மனம் நிறைந்து பண் பாடப் போய்விடுவேன்.

அந்த மாடிக்கு இருந்தது ஒரு சிறு தொட்டிதான் என்பதும், அதுவும் லாரியில் விலைக்கு வாங்கி ஊற்றிய தண்ணீர் என்பதும் எனக்குத் தெரியாது. எழுந்து வருகிற பெண்களுக்குக் குழாயில் ஒரு சொட்டும் வராது. மூடி வைத்த வாளிகளைத் தொடலாமா கூடாதா என்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஏதோ பூசைக்கு வைத்திருக்கிறேன் என்று எண்ணிவிட்டார்களாம். தலையில் சோப்பு நுரையோடு ஒருத்தி அரைமணி நேரம் நின்றாளாம். அவள் ஊருக்குத் திரும்பிப் போகும் வழியில், தங்கியவர்களின் அனுபவம் என்று போனில் எழுதுகிற இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். ஊர் உலகமெல்லாம் அதைப் படித்துத்தான் அங்கே வருகிறதாம்.

கோவிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் என்னுடையதை மேலாளரின் மேசையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அன்று மகன் நான்கு முறை அழைத்திருக்கிறான். நான்காம் முறை மேலாளர் எடுத்துப் பேசிவிட்டார். நான் திரும்பி வந்தபோது போனை என் கையில் தந்து, மகனிடம் பேசிவிட்டேன், நாளைக் காலை வந்து அழைத்துப் போவார், பையைக் கட்டி வையுங்கள் என்றார்.

தண்ணீர் விஷயம் என் தவறு, மன்னிக்க வேண்டும் என்று முதலில் சொன்னேன். அதை உண்மையாகவே சொன்னேன். நாளையிலிருந்து அரை வாளிக்கு மேல் தொட மாட்டேன் என்றேன். அரை வாளியில் குளித்துத் துணியும் அலச எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் என் மகனிடம் பேச உங்களுக்கு யார் அனுமதி தந்தார்கள் என்று கேட்டேன். கீழ்க்கட்டிலில் இருப்பவள் தினமும் கடலில் விழுந்து உடம்பெல்லாம் காயத்தோடு வருகிறாளே, அவளுடைய தகப்பனாருக்குப் போன் போட்டீர்களா என்றும் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தி ஒரு செய்தி சொன்னார். முன்பு வேறொரு விடுதியில் வேலை பார்த்தாராம். தனியாக வந்த ஒரு முதியவருக்கு அறை கொடுத்தாராம். மூன்றாம் நாள் கதவை உடைக்க வேண்டியதாயிற்றாம். போலீஸ் நிலையத்தில் ஒரு வாரம் போய் நின்றாராம். "இங்க வயசானவுக தனியா வந்தா, ஒண்ணு பிள்ளைக விட்டுட்டுப் போயிருப்பாக, இல்ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருப்பாக. எனக்குப் பயமா இருக்கும்மா."

அந்தப் பயம் நியாயமானது. அவர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் ஆறு பண்கள் மீதம் இருந்தன.

நான் சாவதற்கு வரவில்லை, சுவாமிக்கு நேர்ந்துகொண்டு பாடுவதற்கு வந்திருக்கிறேன், பன்னிரண்டு நாளுக்குப் பணம் கட்டியிருக்கிறேன், என்னை வெளியேற்றுவது என்றால் என் மகனுக்கு முன்னால் அல்ல, அந்த வாசல் பலகைக்கு முன்னால் நிறுத்தி வெளியேற்றுங்கள் என்றேன். கோயம்புத்தூர்க்காரி ஈரத்தலையோடு படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் கட்சியில் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் இல்லாமல் முதல் நாளே முணுமுணுத்தவள் அவள்தான்.

"ஏனுங்க, நான் தண்ணி வரலீன்னுதான் சொன்னேன். அம்மாவை அனுப்புங்கன்னு நான் சொல்லலீங்க" என்றாள் மேலாளரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் நாளைக்கு அந்தச் சோப்புத் தட்டுல தண்ணி புடிச்சு வெக்காதீங்க" என்றாள்.

சோப்புத் தட்டையும் நிரப்பியிருக்கிறேன் போலும்.

மறுநாள் காலை காந்தாரம். பாடி முடித்து விடுதிக்கு வந்தபோது மகன் வரவேற்பறையில் திமிங்கிலப் படத்தின் கீழே உட்கார்ந்திருந்தான். பந்தல்குடியில் உரக்கடை வைத்திருப்பவன், ஐம்பது வயது. கடையைப் பூட்டிவிட்டு விடியும் முன்பே கிளம்பி வந்திருக்கிறான். அவன் கண்கள் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. மேலே படுக்கிறீர்களாமே என்று ஏணியைப் பற்றித்தான் முதலில் கேட்டான். பிறகு மடம், கோஷ்டி, வயது, முழங்கால், சர்க்கரை மாத்திரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் அவன் நெஞ்சில் இருந்ததற்கு வந்தான்.

"ஊருல என்ன பேசுவாக தெரியுமா? பெத்த தாயைக் கொண்டுபோய்த் தீவுல விட்டுட்டான்னு பேசுவாக. கடையில வந்து உக்காந்துக்கிட்டு என் முகத்துக்கு நேரா கேப்பாக."

"நீ எங்கய்யா விட்ட? நானுல்ல வந்திருக்கேன்."

"அதை நான் ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

"சொல்லு. எங்கம்மா போயிருக்காகன்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா என் நம்பரைக் குடு."

அவன் மறுபடி உட்கார்ந்து தலை குனிந்துகொண்டான். வளர்ந்த பிள்ளையை நான்கு பேர் பார்க்க அப்படி உட்கார வைத்தது எனக்கு இன்பமாக இல்லை. ஆனால் எழுந்து போய்ப் பையைக் கட்டவும் இல்லை. பன்னிரண்டு காலை பாடுவதாக நேர்த்திக்கடன், இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, இருந்து அழைத்துப் போவதானால் ஆண்கள் அறையில் கட்டில் இருக்கிறதாம், கேட்டுப் பார் என்றேன். நாளைக்குக் கடைக்கு லோடு வருகிறது என்றான். அப்படியானால் போய் லோடு இறக்கு என்றேன். ஒருமுறை உன் அப்பாவுக்காக, ஒருமுறை என் மாமனாருக்காக, ஒருமுறை என் கொழுந்தனாருக்காக என்று இந்தக் கரையில் செருப்புக் காத்திருக்கிறேனே, அப்போதெல்லாம் எனக்கு முழங்கால் வலிக்கிறதா என்று எவரும் கேட்டதில்லையே என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போதும் சில சமயம் தோன்றும். வேறு சில சமயம், இன்னும் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும்.

மதியம் அவன் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் முழங்காலுக்குத் தைலமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினான். மேலாளரிடம் தனியாக ஏதோ பேசினான். என்ன என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து மேலாளர் காலையில் நான் வெளியே போகும்போது மணி பார்ப்பதும், திரும்பியதும் மறுபடி பார்ப்பதுமாக இருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வந்த காலைகள் சுலபமாகக் கழிந்தன என்று சொல்ல மாட்டேன். ஒன்பதாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. பண் சரியாக நிற்கவில்லை. பாதிப் பாட்டை வாய்க்குள்ளேதான் சொன்னேன். பத்தாம் நாள் அமாவாசை. இடித்துத் தள்ளுகிற கூட்டத்தில் என் தூணை விட்டு என்னைப் பெயர்த்துவிட்டார்கள். நீர் சொட்டுகிற ஒரு குடும்பம் முழுவதும் என்மேல் சாய்ந்தபடி கடந்து போயிற்று. இன்னொரு தூணருகே நின்று, விட்ட பாட்டிலிருந்து தொடர்ந்தேன். கேட்பவர் எவரும் இல்லை. கேட்க வேண்டியவர் கருவறையில் இருந்தார். அவருக்குக் கூட்டம் ஒரு தடையில்லை. ஒவ்வொரு காலையும் குளியலறைக் குழாய் சீறியபோது என் கைகள் வாளியை நோக்கிப் போயின. ஒவ்வொரு காலையும் அவற்றை இழுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டேன். அதுவும் ஒரு நோன்பாகவே இருந்தது.

பன்னிரண்டாம் காலை பழம்பஞ்சுரம். கடைசிப் பாட்டின் கடைசி அடியை இரண்டு முறை பாடினேன். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், வரவில்லை. பசித்தது. பிராகாரத்தைவிட்டு வெளியே வந்து, நின்றுகொண்டே நான்கு இட்லி தின்றேன்.

இட்லி தின்னும்போதுதான் அது என் மனத்தில் தைத்தது. இத்தனை நாளும் மேலாளரிடமும் மகனிடமும் நேர்த்திக்கடனைக் காட்டித்தான் வழிவிடக் கேட்டிருக்கிறேன். சுவாமி காரியம் என்று சொன்னதால்தான் இந்த அளவுக்கேனும் விட்டார்கள். நேர்த்தி இல்லாவிட்டால் ஓர் இடத்தில் ஒரு நாள் இருக்க எனக்கு உரிமை கிடையாதா? அடியவள் என்பதற்காக ஆண்டவனை எத்தனை நாள்தான் நுழைவுச்சீட்டாகப் பயன்படுத்துவது? அவருக்கே அது பிடிக்காது என்று தோன்றிற்று.

விடுதிக்குப் போய் மேலாளரிடம் இன்னும் ஒரு நாள் வேண்டும் என்றேன். பாட்டு மீதம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, முடிந்துவிட்டது என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். பிறகு கீழ்க்கட்டில் ஒன்று காலியாகியிருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். மேற்கட்டிலே இருக்கட்டும் என்றேன்.

அன்று நான் எங்கும் போகவில்லை. கட்டிலில் திரையை விலக்கிவிட்டுப் படுத்திருந்தேன். மொட்டை மாடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கடல் தென்னைகளுக்கு மேலே ஒரு கோடாகத் தெரிந்தது. வாயில் எந்தப் பாட்டும் வரவில்லை, நானும் தேடவில்லை.

மகன் பிற்பகலில் அழைத்தான். கடைச் சத்தம் பின்னால் கேட்டது. பன்னிரண்டும் முடிந்ததா என்று விசாரித்தான். முடிந்தது என்றேன். பஸ் ஏறிவிட்டீர்களா என்றான். இல்லை, நாளைக்குத்தான் ஏறுவேன் என்றேன்.

"இன்னைக்குக் கோவில்ல என்ன விசேசம்?"

"ஒண்ணும் இல்லய்யா."

"பெறகு எதுக்கு இருக்கீக?"

"இருக்கணும்னு தோணுச்சு. இருக்கேன்."

மறுமுனையில் யாரோ ஒருவர் யூரியா விலை கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மகன் மறுபடியும் போனுக்கு வந்தான். நாளைக்கு எத்தனை மணி பஸ் என்று கேட்டான். எனக்கே தெரியாது, கிளம்பும்போது கிளம்புவேன் என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டான்.